மிதிவண்டியின் பிரேக்கும் கைக்கெட்டும் தூரமும்

கைக்கெட்டியது வாய்க்கெட்டவில்லை என்பது நம்மவர் பழமொழி. மிதிவண்டி ஓட்டுவோர்க்கு அதனினும் துன்பந்தரும் நிலை ஒன்றுண்டு. பிரேக் கண்ணெதிரே இருந்தும் வேண்டிய நொடியில் கைக்கெட்டாமற் போவதே அந்நிலை. பந்தய வண்டிகளுக்குரிய வளைந்த ஹேண்டில்பாரைப் பூட்டிய மிதிவண்டிகளில் இக்குறை இயல்பாகவே அமைந்துள்ளது. இதனைப் போக்க, ஹேண்டில்பாரின் மேற்பகுதியில் இன்னும் இரண்டு பிரேக் பிடிகளைக் கூடுதலாகப் பொருத்திக்கொள்ளும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. அக்கூடுதற் பிடிகள் இரு வகைப்படும். இரண்டும் பார்வைக்கு ஏறத்தாழ ஒன்றுபோலவே தோன்றும். ஆனால் ஒன்று வண்டியை உறுதியாக நிறுத்தும். மற்றொன்று நிறுத்துவதுபோலக் காட்டி, நெருக்கடியில் கைவிட்டுவிடும். இவற்றின் வேறுபாட்டை அறியாமல் வாங்குவது உயிரோடு விளையாடுவதாகும். ஆதலின் அதனைச் சற்று விளக்கமாகக் காண்போம்.

முட்டுக்கட்டை முதல் பிரேக் கட்டை வரை

உருளும் பொருளை நிறுத்தும் கலை தமிழர்க்குப் புதிதன்று. தேர்த் திருவிழாவைக் கண்டவர்கள் முட்டுக்கட்டை போடுவோரையும் கண்டிருப்பர். வடம் பிடிப்போர் நூற்றுக்கணக்கில் இருந்தாலும், அசைந்துவரும் தேரை நிறுத்தவும் திருப்பவும் வல்லவர்கள் சக்கரத்தடியில் கட்டையை இடும் அந்தச் சிலரே. பிறர் முயற்சியைத் தடுப்பவனை ‘முட்டுக்கட்டை போடுகிறான்’ என்று இன்று குறை கூறுகிறோம். தேரடியில் நின்றவன் அச்சொல்லைப் பழிச்சொல்லாகக் கொள்ள மாட்டான்.

மிதிவண்டியின் பிரேக்கும் ஒரு முட்டுக்கட்டையே. தொடக்க கால வண்டிகளில் கரண்டி போன்ற ஒரு தகடு மேலிருந்து டயரை அழுத்தி வண்டியை நிறுத்தியது. அக்காலத்து டயர் கெட்டியான ரப்பரால் ஆனது. 1888 ஆம் ஆண்டில் ஜான் பாய்ட் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். காற்றடைத்த டயரின்மேல் தகட்டை அழுத்தினால் டயர் விரைவில் தேய்ந்துவிடும். எனவே பிரேக், டயரை விட்டு ரிம்முக்கு இடம் மாறியது. அன்று முதல் ரிம்மைக் கவ்விப் பிடிக்கும் வேலையை ரப்பர்க் கட்டைகள் மேற்கொண்டன.

ரப்பர் என்றதும் பேராக் மாநிலம் நினைவுக்கு வராமற் போகாது. 1877 ஆம் ஆண்டில் கோலாகங்சாரில் ரப்பர்க் கன்றுகள் நடப்பெற்றன. பின்னர் இம்மாநிலமெங்கும் தோட்டங்கள் பரந்தன. அவற்றில் பால் வெட்டத் தமிழ்நாட்டிலிருந்து நம் முன்னோர் வந்தனர். அவர்கள் கையால் வெட்டிய பாலே உலகச் சந்தைக்குச் சென்று டயராகவும் டியூபாகவும் பிரேக் கட்டையாகவும் உருமாறியது.

தோட்டத்து வண்டி காட்டும் பாடம்

தோட்டங்களில் மிதிவண்டி ஓர் ஆடம்பரப் பொருளாக இருந்ததில்லை. விடியுமுன் வெட்டுக் காட்டிற்குப் போகவும், பால் வாளிகளைத் தொங்கவிட்டுக்கொண்டு வரவும், விறகு ஏற்றவும், பட்டணத்துக் கடைக்குச் சென்றுவரவும் அதுவே துணை. கனத்த இரும்புச் சட்டமும், நேரே நிமிர்ந்து உட்காரும் இருக்கையும், உடலை நோக்கிப் பின்வளைந்த ஹேண்டில்பாரும் உடைய வண்டி அது.

அதன் பிரேக்கைக் கூர்ந்து பார்த்தவர்கள் ஒன்றை அறிவர். அதில் கம்பிவடம் இல்லை. இரும்புக் கோல்களே உண்டு. ஹேண்டில்பாரின் கீழே, கைப்பிடிக்கு ஒட்டினாற்போல், நீண்ட பிரேக் பிடி ஒன்று ஓடும். அதை மேலே இழுத்தால் கோல்கள் வழியாக இழுப்புச் சென்று, குதிரை அங்கவடி போன்ற ஓர் அமைப்பு மேலெழுந்து, ரிம்மின் உட்புறத்தை ரப்பர்க் கட்டைகளால் அழுத்தும். அவ்வண்டி மழையில் நன்றாக நிற்காது. முலாம் பூசிய எஃகு ரிம் நனைந்தால் வழுக்கும். பேராக்கின் மழையோ சிறு மழையன்று. தீபகற்ப மலேசியாவில் மிகுந்த மழை பெறும் ஊராகத் தைப்பிங் பெயர் பெற்றது. இக்குறை இருந்தபோதிலும் அவ்வண்டிக்கு ஒரு பெருநலம் இருந்தது. அதன் ஹேண்டில்பாரில் கை வைக்கும் இடம் ஒன்றே. அவ்விடத்தின் கீழேயே பிரேக்கும் இருந்தது. விரலை மடக்கினால் போதும். தேடவேண்டிய தேவை எழவில்லை.

கை எங்கே இருக்கிறதோ அங்கே பிரேக் இருக்கவேண்டும் என்பதே அவ்வண்டி காட்டும் பாடம்.

ஒரு ஹேண்டில்பாரில் மூன்று இடங்கள்

தோட்டங்கள் பல இன்று துண்டாடப்பட்டுவிட்டன. சில செம்பனைக் காடுகளாயின. சில வீடமைப்புப் பகுதிகளாயின. தோட்டத்து மக்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஈப்போ போன்ற நகரங்களில் வாழ்கின்றனர். மிதிவண்டியும் மாறிவிட்டது. 1996 ஆம் ஆண்டில் தொடங்கிய லங்காவி மிதிவண்டிப் பந்தயத்தை நம் சாலைகளிலும் தொலைக்காட்சியிலும் கண்டு வளர்ந்த தலைமுறை இது. உடல்நலத்திற்காகவும் விளையாட்டிற்காகவும் ஓட்டுவோர் பலர் ஆட்டுக்கடாவின் கொம்பைப்போல் முன்னோக்கிச் சென்று கீழே வளையும் ஹேண்டில்பார் உள்ள வண்டியை விரும்புகின்றனர்.

இந்த ஹேண்டில்பாரில் கை வைக்கும் இடங்கள் மூன்று. நடுவிலுள்ள நேரான பகுதி ஒன்று. இதனை மேல்தண்டு என்போம். பிரேக் பிடி பொருத்தப்பட்டுள்ள முன்முனை மற்றொன்று. இதனைக் குமிழ் என்போம். கீழே வளைந்து பின்வரும் பகுதி மூன்றாவது, இது கீழ்வளைவு. வேகமாகச் செல்பவன் கீழ்வளைவைப் பற்றி முதுகைத் தாழ்த்துவான். காற்றின் எதிர்ப்புக் குறையும். நீண்ட தொலைவு செல்பவன் கைகளை இடம் மாற்றி மாற்றி வைத்துக் களைப்பைப் போக்கிக்கொள்வான். இவையே அந்த ஹேண்டில்பாரின் நன்மைகள்.

ஆனால் பிரேக் பிடியோ ஒரே இடத்தில்தான் உள்ளது. கீழ்வளைவிலிருந்தும் குமிழிலிருந்தும் அதனைப் பற்றலாம். மேல்தண்டில் கை இருக்கும்போது பற்ற இயலாது. கையை எடுத்து முன்னே கொண்டுபோகவேண்டும். இதற்கு அரை நொடி ஆகிறதென்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் எட்டு மீட்டருக்குமேல் ஓடும். அந்த அரை நொடியில் அது நான்கு மீட்டருக்குச் சற்று அதிகமாக ஓடிவிடும். அஃது ஒரு சிறு காரின் நீளம். சந்தைத் தெருவில் ஒரு குழந்தை குறுக்கே ஓடிவந்தால், நான்கு மீட்டர் என்பது எவ்வளவு பெரிய தொலைவென்று சொல்லவேண்டுவதில்லை.

புதிதாகப் பழகுவோரும், முதுகுவலி உள்ளோரும், வயது முதிர்ந்தோரும் இயல்பாகவே மேல்தண்டைப் பற்றி நிமிர்ந்து உட்கார விரும்புவர். பிரேக்கிற்கு மிகத் தொலைவில் கை வைப்பவர்களும், விரைவில் பிரேக் பிடிக்க வேண்டியவர்களும் பெரும்பாலும் அவர்களே. இம்முரண்பாட்டைத் தீர்க்கவே துணைப்பிடிகள் தோன்றின.

பாக்குவெட்டிக் கணக்கு

துணைப்பிடிகளை அறியுமுன் பிரேக் பிடியின் இயல்பை அறியவேண்டும். அது ஒரு நெம்புகோல். பாட்டியின் பாக்குவெட்டியை நினைத்துக்கொண்டால் எளிதில் விளங்கும். பாக்குவெட்டியின் ஒரு முனையில் ஆணி உண்டு. பாக்கை அந்த ஆணிக்கு அருகில் வைத்து, பிடியின் கடைக்கோடியைப் பற்றி அழுத்தினால் கொட்டைப்பாக்கும் உடையும். ஆணிக்கருகிலேயே கையை வைத்து அழுத்தினால் உடையாது.

பிரேக் பிடியிலும் ஆணி உண்டு. கம்பி கோக்கப்பட்டுள்ள இடம் ஆணியிலிருந்து 1.75 சென்டிமீட்டரிலும், விரல் பற்றும் இடம் 7 சென்டிமீட்டரிலும் இருப்பதாகக் கணக்கிடுவோம். விரலின் அழுத்தம் நான்கு மடங்காகிக் கம்பியை இழுக்கும். அதே பிடியை ஆணிக்கு நெருக்கமாக 3.5 சென்டிமீட்டரில் பற்றினால் இரண்டே மடங்காகும். கீழ்வளைவில் கை வைப்பவன் பிடியின் நுனிப் பக்கத்தைப் பற்றுகிறான். குமிழில் கை வைப்பவன் ஆணிக்கு அருகே பற்றுகிறான். பழைய வண்டிகளில் குமிழிலிருந்து பிரேக் பிடித்தால் வலு குன்றுவதற்குக் காரணம் இதுவே. பிற்கால வண்டிகளில் குமிழ் பெரிதாகவும் கைக்கிசைவாகவும் அமைக்கப்பட்டு, ஆணியின் இடமும் திருத்தப்பட்டதால் இக்குறை பெரிதும் நீங்கிற்று.

நெம்புகோலின் ஆதாயத்திற்கு ஒரு விலை உண்டு. வலு நான்கு மடங்கானால் விரல் நகரவேண்டிய தூரமும் நான்கு மடங்காகும். எனவே பிரேக் பிடி தடையின்றி நகர்வதற்குப் போதிய இடம் வேண்டும். இந்த உண்மையை மனத்தில் இருத்திக்கொண்டால் நல்ல துணைப்பிடியையும் தீய துணைப்பிடியையும் பிரித்தறிவது எளிதாகும்.

நீட்டுப்பிடி

முதல் வகையை நீட்டுப்பிடி எனலாம். மேனாடுகளில் 1970களில் வளைந்த ஹேண்டில்பார் வண்டிகள் பெருவாரியாக விற்பனையானபோது இது எங்கும் பரவியது. மூலப்பிடியின் ஆணியை உட்புறமாகச் சற்று நீட்டி, அந்த ஆணியிலேயே மெல்லிய தகட்டாலான இன்னொரு பிடியை மாட்டிவிடுவர். அது மேல்தண்டின் கீழே வளைந்து வந்து நிற்கும். அதனை அழுத்தினால் அது மூலப்பிடியைத் தள்ளும். மூலப்பிடி கம்பியை இழுக்கும்.

காண்பதற்கு எளிய அமைப்பு, விலையும் குறைவு. விற்றவர்கள் இதனைப் பாதுகாப்புப் பிடி என்றனர். ஓட்டிப் பார்த்தவர்களோ தற்கொலைப் பிடி என்று பட்டப்பெயரிட்டனர். காரணங்கள் மூன்று.

முதலாவது, இதற்கு நகர இடமில்லை. மேல்தண்டுக்கு மிக நெருக்கமாக இருப்பதால், மூலப்பிடி தன் முழு நகர்வையும் அடையுமுன் நீட்டுப்பிடி மேல்தண்டில் முட்டி நின்றுவிடும். பிரேக் கட்டைகள் புதியனவாகவும் கம்பி முறுக்காகவும் இருக்கும்வரை குறை வெளிப்படாது. கட்டை தேய்ந்து கம்பி தளர்ந்த பின்னர், எவ்வளவு அழுத்தினாலும் பிடி தண்டில் முட்டுமேயன்றி வண்டி நில்லாது. இரண்டாவது, மெல்லிய தகடு அழுத்தத்தில் வளைந்து கொடுக்கும். கையின் வலுவில் ஒரு பங்கு அவ்வளைவிலேயே வீணாகும். மூன்றாவது, நீட்டிய ஆணிக்கு இடம் விடுவதற்காகக் குமிழின் ரப்பர் உறையை நீக்கிவிடுவர். அதனால் குமிழில் கை வைப்பதும் தொல்லையாகும். மேல்தண்டில் ஓர் அரைகுறைப் பிரேக்கைப் பெறுவதற்காகக் குமிழில் இருந்த வசதியையும் இழப்பது இலாபமாகாது.

இத்தகைய பிடிகள் பழைய வண்டிகளில் இன்றும் காணப்படும். பழைய வண்டி வாங்குவோர் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். வண்டியை நிறுத்தி வைத்து நீட்டுப்பிடியை முழுவலுவோடு அழுத்துக. அது தண்டைத் தொட்டுவிட்டால், அப்பிடியை நம்பிச் சாலையில் இறங்கலாகாது. அதைக் கழற்றிவிட்டு மூலப்பிடியை மட்டும் கொண்டு ஓட்டுவதே நலம்.

இடைப்பிடி

இரண்டாம் வகை மூலப்பிடியோடு ஒட்டுவதில்லை. கம்பி செல்லும் வழியின் இடையில் தனியே அமர்வது. ஆதலின் இதனை இடைப்பிடி எனலாம். இதன் நுட்பத்தை அறியக் கம்பிவடத்தின் நுட்பத்தை அறிதல் வேண்டும்.

உறைக்குள் ஓடும் கம்பியால் இழுப்பைக் கொண்டுசெல்லும் முறைக்கு எர்னஸ்ட் மானிங்டன் பவுடன் என்பவர் 1896 ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். உள்ளே முறுக்குக் கம்பி. வெளியே வளையக்கூடிய, ஆனால் நீளவாட்டில் சுருங்காத உறை. கம்பி உறையினுள் வழுக்கி ஓடும். பிரேக் வேலை செய்வதற்கு வேண்டுவது கம்பியும் உறையும் ஒன்றுக்கொன்று எதிராக நகர்வதே.

நம் பாட்டிமார் இடுப்பில் செருகும் சுருக்குப்பையை எடுத்துக்கொள்வோம். கயிற்றை இழுத்தால் பையின் வாய் மூடும். கயிற்றை அசையாமல் பிடித்துக்கொண்டு துணியைத் தள்ளினாலும் வாய் மூடும். இரண்டிலும் நிகழ்வது ஒன்றே. மூலப்பிடி கயிற்றை இழுப்பது போன்றது; இடைப்பிடி துணியைத் தள்ளுவது போன்றது.

இதற்காக மேல்தண்டருகே உறையை மட்டும் வெட்டி இரண்டாக்குவர், கம்பியை வெட்டுவதில்லை. உறையின் ஒரு துண்டு இடைப்பிடியின் அசையாத பகுதியிலும், மறுதுண்டு அதன் அசையும் பகுதியிலும் வந்து நிற்கும். பிடியை அழுத்தினால் இரு துண்டுகளும் விலகும். கம்பியின் மேல்முனை மூலப்பிடியில் கட்டுண்டு அசையாதிருக்கிறது. எனவே உறை தள்ளப்பட்ட அளவுக்குப் பிரேக்கின் பக்கம் கம்பி இழுபட்டு, கட்டைகள் ரிம்மைக் கவ்வும். மூலப்பிடியை இழுக்கும்போதோ, கம்பி இடைப்பிடியின் ஊடே தடையின்றி ஓடும்.

ஒன்று மற்றொன்றைத் தள்ளுவதில்லை. ஒன்றின் நகர்வை மற்றொன்று திருடுவதுமில்லை. இடைப்பிடிக்குத் தன் முழு நகர்வும் உண்டு. தகடும் குட்டையாக, உறுதியாக இருக்கும். குமிழின் உறையையும் கழற்றவேண்டியதில்லை. சேற்றிலும் புல்லிலும் ஓடும் சைக்ளோகிராஸ் பந்தய வீரர்கள் இதனை ஏற்றுக் கையாண்டதும் இந்த உறுதியினாலேயே.

பொருத்துவோர் கவனிக்க வேண்டியவை

ஹேண்டில்பாரின் நடுப்பகுதியின் குறுக்களவு எல்லா வண்டிகளிலும் ஒன்றன்று. பழையவற்றில் 25.4 அல்லது 26.0 மில்லிமீட்டரும், புதியவற்றில் பெரும்பாலும் 31.8 மில்லிமீட்டரும் இருக்கும். பிடி அமரவிருக்கும் இடத்தை அளந்து, அதற்குரிய வளையமுள்ள இடைப்பிடியையே வாங்குக. தளர்ந்த வளையத்திற்குள் காகிதம் மடித்துத் திணிப்பது பிரேக்கில் செய்யத்தக்க வேலையன்று.

உறையை நேர்குறுக்காக வெட்டி, வெட்டிய முனைகளின் பிசிறை நீக்கி, ஒவ்வொரு முனைக்கும் உலோகத் தொப்பி இடவேண்டும். சாய்வாக வெட்டிய முனை அழுத்தத்தில் நசுங்கி, பிடியின் நகர்வை வீணாக்கும். உறை கூர்மையாக மடங்கினால் கம்பி உரசித் தடைப்படும். ஆதலின் வளைவு பெரிதாக இருக்கட்டும். பழைய கம்பி துருவேறி இருப்பின் புதியது மாற்றிவிடுவது நன்று.

பூட்டியபின் ஹேண்டில்பாரை இடம் வலமாக முழுவதும் திருப்பிப் பார்க்கவேண்டும். திருப்பும்போது உறை இழுபட்டால் பிரேக் தானே பிடித்துக்கொள்ளும். எந்தக் கைக்கு எந்தப் பிரேக் என்பதையும் பார்க்கவேண்டும். இடப்புறம் செல்லும் நம் நாட்டில் வலக்கைக்கு முன்பிரேக் என்பதே பொது வழக்கம். வேறு நாட்டிலிருந்து வந்த வண்டிகளில் இது மாறியும் இருக்கலாம். மூலப்பிடிக்கும் துணைப்பிடிக்கும் ஒரே பக்கம் ஒரே பிரேக்காக இருத்தல் இன்றியமையாதது. இறுதியாக, ஆளில்லாத திடலில் நடைவேகத்தில் நான்கு பிடிகளையும் தனித்தனியே சோதித்த பின்னரே சாலைக்குச் செல்லவேண்டும்.

இடைப்பிடி கம்பிவடப் பிரேக்கிற்கு உரியது. கம்பியால் இயங்கும் தட்டுப் பிரேக்கிலும் பொருந்தும். எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் பிரேக்கில் கம்பியே இல்லாமையால் இது பயன்படாது. அவ்வகைக்கென்று எண்ணெய்க் குழாயின் இடையே பொருத்தும் துணைப்பிடியைச் சிமானோ நிறுவனம் 2019 ஆம் ஆண்டில் வெளியிட்டது.

துணைப்பிடி உதவாத இடங்கள்

எத்துணை நல்ல இடைப்பிடியானாலும் அதற்கும் எல்லை உண்டு. மேல்தண்டில் இரு கைகளும் நெருங்கி இருப்பதால் வண்டியைத் திருப்பும் கட்டுப்பாடு குறையும். பள்ளத்தில் சக்கரம் இடறினால் ஹேண்டில்பார் கையை விட்டு நழுவவும் கூடும். ஈப்போவை அடுத்த கிளேடாங் மலைச்சாலையிலோ, கேமரன் மலையிலிருந்து தாப்பாவுக்கு இறங்கும் சாலையிலோ மேல்தண்டைப் பற்றிக்கொண்டு துணைப்பிடியை நம்பி இறங்குவது தகாது. அத்தகைய இறக்கங்களில் கீழ்வளைவே பாதுகாப்பான இடம். அங்கே கைகள் அகன்று நிற்கும். நெம்புகோலின் முழு ஆதாயமும் கிட்டும். நெடுந்தூரம் பிரேக்கை விடாமல் அழுத்தினால் ரிம் சூடேறி டியூப் வெடிக்கவும் இடமுண்டு. விட்டுவிட்டுப் பிடித்தலே முறை.

துணைப்பிடியின் இடம் சந்தைத் தெரு, பள்ளி வாயில், நாற்சந்தி, குடியிருப்புச் சாலை போன்ற மெதுவாகச் செல்லும் நெரிசலிடங்களே.

சிறிய கை உடையோர்க்கு மற்றொரு குறிப்பும் உண்டு. மேல்தண்டு அவர்களுக்குச் சிக்கலாக இல்லாமல், மூலப்பிடியே விரலுக்கு எட்டாத் தொலைவில் இருக்கலாம். பெண்களும் சிறுவர்களும் பெரியோர்க்கான வண்டியை ஓட்டும்போது இது நேர்கிறது. அவர்கள் துணைப்பிடியைத் தேடுமுன், மூலப்பிடியில் தூரத்தைக் குறைக்கும் திருகு உள்ளதா என்று பார்ப்பது நன்று. பல பிடிகளில் அத்திருகு உண்டு. சில திருப்புகளிலேயே பிடி விரலுக்கு அருகில் வந்துவிடும். காசு செலவில்லாத மருந்து அது.

வகுப்பறைக்கு ஒரு சொல்

தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் நெம்புகோல் பாடம் நடத்தும்போது கடப்பாரையையும் துலாவையும் கரும்பலகையில் வரைந்து காட்டுவது வழக்கம். அவற்றோடு மாணவனின் மிதிவண்டியையும் பள்ளித் திடலில் நிறுத்தி, பிரேக் பிடியின் ஆணி எது, கம்பி கோக்கும் இடம் எது, விரல் பற்றவேண்டிய இடம் எது என்று அளக்கச் செய்யலாம். நுனியில் ஒரு விரலாலும், ஆணிக்கருகில் ஒரு விரலாலும் மாறிமாறி அழுத்திப் பார்க்கும் சிறுவன் அப்பாடத்தை மறக்க மாட்டான். அவன் விரல் பிடிக்கு எட்டுகிறதா, பிடி தண்டில் முட்டுகிறதா, கட்டை தேய்ந்துள்ளதா என்பவற்றையும் அப்போதே ஆசிரியர் கண்டுகொள்ளலாம். பிள்ளைக்கு வண்டி வாங்கித் தரும் பெற்றோர் நிறத்தையும் விலையையும் பார்க்கின்றனர். அவனை அதன்மேல் அமர்த்தி, கையை எங்கே வைக்கிறான், அங்கிருந்து பிரேக் எட்டுகிறதா என்று பார்ப்பவர் சிலரே. அதைப் பார்த்து வாங்க ஒரு நிமிடம்கூட ஆகாது.